நூற்றுப் பதினான்கு பைட்டுகள்

ஜெபக்கனியிடம் தொழில் கற்க வந்தபோது பலவேசத்துக்கு வயது ஐம்பத்தொன்று. ஜெபக்கனிக்கு முப்பத்தேழு.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்துநாலு வருஷம் மின்பராமரிப்பு பார்த்தவர் பலவேசம். ஆலை மூடிய பிறகு பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, தானாகவே நிரல் எழுதப் பழகினார். தூத்துக்குடியில் மீன்பிடிப் படகுகளுக்குக் கருவி செய்யும் சின்ன கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். அங்கே நிரல் எழுதுபவர்களுக்கு ஜெபக்கனிதான் தலைமை.

நேர்காணலில் ஜெபக்கனி கேட்டது ஒரே கேள்வி.

"ஓடிக்கிட்டு இருந்த மெஷின் நின்னு போச்சு. முதல்ல என்ன செய்வீங்க?"

"கொஞ்ச நேரம் அதப் பாத்துக்கிட்டு இருப்பேன், மேடம்."

மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து பலவேசம் அவரை மேடம் என்றார். ஜெபக்கனி இவரை அண்ணாச்சி என்றார். யார் குரு, யார் சீடர் என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

கம்பெனி செய்த கருவி ஒரு பெட்டி. அதைப் படகில் பொருத்திவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவை, படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும். படகில் இருப்பவர் தன் செல்போனைப் பெட்டியோடு இணைத்து நாலு வார்த்தை எழுதியும் அனுப்பலாம். கம்பெனியின் முதல் மாடியில் ரூபன் என்பவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வருவதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். மொத்தம் அறுபத்திரண்டு படகுகள்.

பெட்டியிலிருந்து வருவது எழுத்து அல்ல, வெறும் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பைட் என்று பெயர். அவற்றை மனிதர் வாசிக்கும்படி திரையில் அடுக்கிக் காட்டும் நிரல்தான் பலவேசத்துக்குத் தரப்பட்ட முதல் பெரிய வேலை.

அதற்கு ஒரு பழைய முறை இருக்கிறது. வரியின் இடப்பக்கத்தில் பைட்டுகள் வந்தபடியே இருக்கும், ஒரு பைட்டுக்கு இரண்டு குறிகள், இலக்கமாகவோ A முதல் F வரையான ஆங்கில எழுத்தாகவோ. வலப்பக்கத்தில் அதே பைட்டுகள் எழுத்துகளாக இருக்கும். எழுத்தாக மாறாத பைட் வந்தால் அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும்.

பலவேசம் ஒரு மாதத்தில் எழுதி முடித்தார். சுத்தமான வேலை. ஒரு வரிகூட மற்ற வரியை விட்டு நகரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ரூபன் அவரிடம் வந்தார்.

"சார், அந்த இடப்பக்கம் கண்ணக் குத்துது. நான் வலப்பக்கம் மட்டுந்தான் பாக்கேன். அத எடுத்துட்டா நல்லா இருக்கும்."

பலவேசம் ஜெபக்கனியிடம் போனார். ஜெபக்கனி அன்று சென்னைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கீழே ஆட்டோ நின்றது.

"மேடம், ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்தத்தான சொல்லுது. எதுக்கு ரெண்டு?"

"பாக்கிறவருக்கு எது வசதியோ அதக் காட்டுங்க, அண்ணாச்சி."

"சேமிச்சு வைக்கிறதுலயும் வலப்பக்கத்த மட்டும் வச்சிரவா? இடம் மிச்சமாகும்."

ஜெபக்கனி கைப்பைக்குள் எதையோ துழாவிக்கொண்டே தலையை ஆட்டினார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

அன்று மாலையே இடப்பக்கம் போய்விட்டது. திரை பளிச்சென்று ஆனது. ரூபன் சந்தோஷப்பட்டு எல்லோருக்கும் டீக்கடையில் முட்டைகோஸ் பலகாரம் வாங்கித் தந்தார்.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. சில நாள் வெறும் புள்ளியாக ஒரு செய்தி வரும். ஆன்டெனா உப்புத் தண்ணீரில் நனைந்தால் பெட்டி எதையாவது உளறும் என்று எல்லோருக்கும் தெரியும். ரூபன் அதற்குக் குப்பை என்று பெயர் வைத்திருந்தார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்குத் தன் இடத்தைச் சொல்லியிருக்க வேண்டிய படகு ஒன்று சொல்லவில்லை. தொம்மை என்பவர் ஓட்டிப்போன படகு. அவரோடு மூன்று பேர். ஒன்பதரைக்குக் கடைசியாகத் தன் இடத்தைச் சொல்லியிருந்தது. பத்து பத்துக்கு அதே பெட்டியிலிருந்து புள்ளியாக ஒரு வரி வந்தது. பத்தரைக்கும் இடம் வரவில்லை.

ரூபன் தாமதிக்கவில்லை. மீட்புப் படகுக்காரர்களுக்குப் போன் செய்து, கடைசியாகத் தெரிந்த இடத்தைச் சொன்னார். நீரோட்டம் தெற்கே இழுக்கிற நாள். படகு அந்தப் பக்கம்தான் போயிருக்கும் என்று அவர்கள் தெற்கே தேடப் போனார்கள்.

பதினொன்றே காலுக்குத் தொம்மையின் மனைவி பிரகாசி கம்பெனிக்கு வந்துவிட்டார். தனியாகத்தான் வந்தார். மீன் ஏலக்கூடத்திலிருந்து நேராக வந்ததால் முந்தானை ஈரமாக இருந்தது.

"தம்பி, அவிய ஏதும் எழுதி அனுப்புனாவளா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"எழுதாம இருக்க மாட்டாவளே. ஐஸ் கரைஞ்சாக்கூட எழுதுற ஆளு."

ரூபன் சற்றுத் தயங்கினார்.

"பத்து பத்துக்கு ஒண்ணு வந்துச்சு. ஆனா அது குப்பக்கா. பெட்டி நனைஞ்சா அப்படி வரும்."

"காட்டு, பாப்போம்."

ரூபன் திரையைத் திருப்பினார்.

............ .................. 4 .................. .................................... ........................

அடுத்த மேஜையில் இருந்த பலவேசம் எழுந்து வந்து பின்னால் நின்றார்.

பிரகாசி திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது அவிய பெட்டியில இருந்து வந்ததுதான?"

"ஆமாக்கா."

"நடுவுல நாலுன்னு போட்டிருக்கு."

"அது சும்மா வந்து விழுந்திருக்கும்."

"நாலு பேருல்லா போயிருக்காவ."

பிரகாசி விரலால் திரையைத் தொட்டார்.

"இங்கன எடம் விட்டிருக்கு. அப்புறம் இங்கன. இங்கன. கடிதாசி எழுதும்போது இப்படித்தான் வார்த்தைக்கு வார்த்த எடம் விடுவாவ. குப்பைக்கு எடம் விடத் தெரியுமா, தம்பி?"

பலவேசம் குனிந்து புள்ளிகளை எண்ணத் தொடங்கினார். முதல் கூட்டத்தில் பன்னிரண்டு. அடுத்ததில் பதினெட்டு. நாலுக்குப் பிறகு பதினெட்டு. அப்புறம் முப்பத்தாறு. கடைசியில் இருபத்துநாலு.

சேர்ந்த முதல் வாரத்தில் ஜெபக்கனி சொல்லிக்கொடுத்தது இப்போது நினைவுக்கு வந்தது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு அப்படி இல்லை. உயிரோ மெய்யோ, கொம்போ காலோ, மேலே வைக்கும் புள்ளியோ, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்.

"எல்லாம் மூணு மூணா இருக்கு," என்றார்.

ஜெபக்கனியின் அறைக்குள் ஓடினார்.

"மேடம், தொம்மை தமிழ்ல எழுதி அனுப்பியிருக்காரு. நான் அதப் புள்ளியா மாத்தி வச்சிருக்கேன். வந்தது வந்தபடி நம்மகிட்ட இல்ல."

ஜெபக்கனி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மொட்டமாடியில செய்தி வாங்குற கருவிக்குள்ள இருக்கும். கடைசி இருநூறு செய்தி அது வச்சிருக்கும். எத்தன மணிக்கு வந்தது?"

"பத்து பத்து."

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பதினொன்று முப்பத்தெட்டு. மணிக்கு நூற்றிருபது செய்திக்கு மேல் வந்துகொண்டிருந்தது. புதிது ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று அழியும்.

"போங்க," என்றார் ஜெபக்கனி. "போன்ல இருங்க. வாசிங்க. நான் கீழ ரூபன் கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கிடுதேன்."

பலவேசம் மொட்டைமாடிக்கு ஓடினார். வாங்கும் கருவி அங்கே தகரக் கூரைக்கு அடியில் ஒரு இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதன் முகத்தில் தீப்பெட்டி அளவு ஒரு சின்னத் திரை. ஒரு தடவைக்கு எட்டு பைட் மட்டும் காட்டும். பக்கத்தில் மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான்.

அவர் கீழ்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். தொம்மையின் பெட்டி எண் நூற்றுத் தொண்ணூறாவது இடத்தில் இருந்தது.

"இருக்கு, மேடம். இன்னும் பத்துக்கு மேல வந்தா போயிரும். ஆன்டெனா ஒயரப் புடுங்கிரட்டுமா? புதுசு வராது."

போனில் ஜெபக்கனியின் குரல் நிதானமாக வந்தது.

"வேண்டாம், அண்ணாச்சி. மத்த அறுபத்தொரு படகும் பேசிக்கிட்டு இருக்கு. நீங்க வாசிங்க."

பலவேசம் வாசித்தார்.

"ஈ ஜீரோ. ஏ ஈ. ஏ ஏ."

கீழே விசைகள் தட்டப்படும் சத்தம் போனில் கேட்டது.

"ஈ ஜீரோ. ஏ ஈ. ஒம்பது எஃப்."

"ம்."

"ஈ ஜீரோ. ஏ ஈ. ஒம்பது அஞ்சு. ஈ ஜீரோ. ஏ எஃப். எட்டு ஒண்ணு."

அவர் வாசிப்பது என்ன எழுத்து என்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்தால் வேகம் குறையும். திரையில் தெரிந்ததை மட்டும் சொன்னார். அப்போது போனில் வேறொரு குரல் கேட்டது. பிரகாசி, பள்ளிக்கூடப் பிள்ளை போல, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"படகு."

பலவேசத்தின் கண் கலங்கி எண்கள் மங்கின. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு மேலே வாசித்தார். தகரக் கூரை கொதித்தது. நூற்றுத் தொண்ணூறு நூற்றுத் தொண்ணூற்று மூன்றானது. பிறகு ஐந்தானது.

"படகு போச்சு," என்றது பிரகாசியின் குரல்.

அவர் நிறுத்தவில்லை. ஒரு இடத்தில் எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டார். கீழே எழுத்து ஒட்டாமல் போக, ஜெபக்கனி திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னார். நூற்றுத் தொண்ணூற்று எட்டு.

"கழுகுதிட்டுல," என்றார் பிரகாசி. உடனே அவரே பேசினார். "கழுகுத் திட்டு. வடக்கல்லா இருக்கு. இவிய தெக்க தேடுதாவளே."

ரூபன் போனை எடுத்து மீட்புப் படகுக்காரர்களிடம் சத்தமாகப் பேசுவது கேட்டது. பலவேசம் மீதி எண்களையும் வாசித்தார். அவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தபோது அந்தச் செய்தி இருநூறாவது இடத்தில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்துக்கு வேறொரு படகின் செய்தி வந்தது.

படகு போச்சு 4 பேரும் கழுகுதிட்டுல நிக்கோம்

இரண்டு மணிக்கு அவர்களைக் கண்டுபிடித்தார்கள். திட்டு என்று பெயர்தானே தவிர, கடல் ஏறினால் அது வெறும் மணல்மேடு. நான்கு பேரும் இடுப்பளவு தண்ணீரில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தொம்மைக்கு விலா எலும்பு முறிந்து நினைவு தப்பியிருந்தது. மற்ற மூவரும் அவரை மாறி மாறித் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் பலவேசம் நாற்காலியை விட்டு எழவில்லை. ஜெபக்கனி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சாப்டீங்களா?"

"இல்ல, மேடம்."

"நாலு பேரும் கரைக்கு வந்தாச்சு."

"அந்தம்மா வரலன்னா?"

ஜெபக்கனி மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மில்லுல இருபத்துநாலு வருஷம் இருந்தேன்," என்றார் பலவேசம். "கரன்ட் ஷாக் அடிச்சு ஒரு ஆளு விழுந்ததில்ல எங்கிட்ட. இங்க உக்காந்த எடத்துலயே நாலு பேரக் கொல்லப் பாத்தேன்."

"நீங்க எங்கிட்ட வந்து கேட்டீங்க. நான் பைக்குள்ள டிக்கெட்டத் தேடிக்கிட்டு இருந்தேன்."

"நீங்க சொல்லித்தர்றவங்க. உங்களுக்கு நூறு சோலி."

"அதத்தான் சொல்லுதேன், அண்ணாச்சி. சொல்லித்தர்றவ தேடிக்கிட்டு இருந்தது டிக்கெட்ட."

பிறகு ஜெபக்கனி எழுந்து போய்த் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். மத்தியானம் பிரிக்காத டப்பா. லெமன் சாதம். இருவரும் மூடியிலும் டப்பாவிலுமாகப் பாதிப் பாதி சாப்பிட்டார்கள்.

"அவரப் போய்ப் பாக்கணும்," என்றார் பலவேசம்.

"போய்ட்டு வாங்க."

"என்ன சொல்ல?"

"போனா தெரியும்."

நினைவு திரும்பி, பேச முடிந்த பிறகு, ஆறாம் நாள்தான் ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க விட்டார்கள். பலவேசம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். கட்டிலில் தொம்மை நெஞ்சில் கட்டோடு சாய்ந்திருந்தார். பிரகாசி இவரைப் பார்த்ததும் ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"இந்த அண்ணன்தான் மாடியில இருந்து வாசிச்சாரு," என்று கணவரிடம் சொன்னார்.

பலவேசம் உட்காரவில்லை.

"வாசிச்சதும் நான்தான். அதப் புள்ளியா ஆக்குனதும் நான்தான். நீங்க அனுப்புனது அனுப்புன நிமிசமே வந்துருச்சு. நான் எழுதி வச்ச நிரலுதான் அத மறைச்சிருச்சு. இல்லன்னா பதினோரு மணிக்கே உங்களத் தூக்கியிருப்பாங்க."

தொம்மை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுதுனது வந்துச்சு?"

"வந்துச்சு."

"முழுசா?"

"ஒரு எழுத்துக்கூட விழாம."

தொம்மை மூச்சு விட்டார். அது வலிப்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"படகு சாஞ்சதுல பெட்டி கொஞ்ச நேரம் செத்துக் கெடந்துச்சு. திரும்ப உசிரு வந்ததும், அது முங்குறதுக்கு முன்னாடி அமுக்குனேன். போச்சா போகலையான்னு தெரியல. கூட இருந்தவம் இங்கிலீசுல போடுன்னான். எனக்கு அது வராது. நான் அஞ்சாப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "தண்ணிக்குள்ள நிக்கும்போது கோவம் கோவமா வந்துச்சு. அங்க உக்காந்து எந்தப் பய பாத்துக்கிட்டு இருக்கானோன்னு."

"நான்தான்."

"இப்ப தெரிஞ்சு போச்சு." தொம்மை கண்ணை மூடினார். "ஆளப் பாத்தப்புறம் கோவம் வரல. உக்காருங்க."

பிரகாசி ஒரு டம்ளரில் காபி ஊற்றி நீட்டினார். பலவேசம் உட்கார்ந்து குடித்தார்.

அதன் பிறகு பத்து நாள் பலவேசம் யாரோடும் அதிகம் பேசவில்லை. காலையில் வந்தால் மாலை வரைக்கும் வேலை. பதினோராம் நாள் ஜெபக்கனியை அழைத்துத் திரையைக் காட்டினார்.

"தமிழ் வருது, மேடம். கொம்பு, கால், புள்ளி எல்லாம் பாத்துட்டேன். செய்தி ரெண்டா உடைஞ்சு வந்தாலும் எழுத்து உடையாது. இனிமே தமிழ்ல எழுதுனது ஒண்ணும் புள்ளியாகாது."

ஜெபக்கனி பல செய்திகளைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தன.

"நல்லா செய்திருக்கீங்க," என்றார். "லேப்டாப்ப எடுத்துக்கிடுங்க. துறைமுகம் வரைக்கும் போய்ட்டு வருவோம்."

மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் கடலுக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஐஸ் உடைக்கும் சத்தம். ஒரு படகில் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நடுவயதுக்காரர் ஒருவரிடம் ஜெபக்கனி போனார். சுகாந்த் என்று பெயர் சொன்னார். ஒடிசாக்காரர். மூன்று வருஷமாக இங்கே படகு வேலை.

"இந்தப் பெட்டியில எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார் ஜெபக்கனி.

"எழுதலாம்னு ஓனர் சொன்னாரு. எழுதல."

"இப்ப ஒண்ணு எழுதி அனுப்புங்க. உங்களுக்குத் தோணுறது எதுன்னாலும்."

சுகாந்த் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு கட்டைவிரலால் வேகவேகமாக எழுதி அனுப்பினார்.

பலவேசம் ஐஸ் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துக் காத்திருந்தார். செய்தி வந்தது.

அவர் திரையைப் பார்த்தார். புள்ளிகள். நடுநடுவே இடைவெளி. எண்ண வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் எண்ணினார். எல்லாம் மூன்று மூன்றாக இருந்தன.

"என்ன எழுதுனீங்க?" என்று சுகாந்திடம் கேட்டார்.

"வீட்டுக்கு எழுதுற மாதிரி." சுகாந்த் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நல்லா இருக்கேன், கவலப்படாத, அப்படின்னு. வந்துச்சா, சார்?"

பலவேசம் ஜெபக்கனியைப் பார்த்தார்.

"வந்துச்சு," என்றார் ஜெபக்கனி. "முழுசா வந்துச்சு."

சுகாந்த் திருப்தியாக வலைக்குத் திரும்பினார்.

பலவேசம் லேப்டாப்பைப் பார்த்தபடியே நின்றார்.

"ஒடியாவையும் சேத்துருதேன், மேடம்."

"சேருங்க."

"மலையாளத்துக்காரங்க ரெண்டு படகுல இருக்காங்க. அதையும் சேக்கேன். தெலுங்கு." அவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். "எத்தன சேத்தா போதும், மேடம்? நான் சேக்காத ஒண்ணு எப்பவும் இருக்குமே."

"இருக்கும்."

"அப்ப புள்ளி போடவே கூடாதா?"

ஜெபக்கனி குனிந்து லேப்டாப்பில் அவர் எழுதிய நிரலைத் திறந்தார். புள்ளி போடும் இடத்துக்குப் போனார். அதற்கு மேலே, தனக்கு நினைவிருப்பதற்காக, பலவேசம் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்.

"வாசிங்க."

பலவேசம் வாசித்தார். "படிக்க முடியாத பைட்டுகளுக்குப் புள்ளி."

"ஒரு வார்த்த விட்டுப்போச்சு, அண்ணாச்சி."

பலவேசம் குறிப்பைத் திரும்ப ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். எழுத்துப் பிழை எதுவும் தெரியவில்லை.

"என்ன வார்த்த, மேடம்?"

"யாரால."